சரத்துக்குத் தான் யார் என்று தெரியாது

050335. இது எண்ணா, எழுத்தா?

சைனாடவுன் காம்ப்ளெக்ஸின் அஞ்சல் குறியீடு இது. ஸ்மித் ஸ்திரீட், புளோக் 335. எக்செல் கட்டம் ஒன்றில் இதைத் தட்டி எண்டரை அழுத்திப் பாருங்கள், 50335 என்று நிற்கும். முன்னால் இருந்த சைபரைக் காணோம். எக்செல் அதை எண் என்று நினைத்துக்கொண்டது. எண்ணுக்கு முன்னால் நிற்கும் சைபருக்கு மதிப்பு இல்லை, ஆகவே தூக்கிவிட்டது. கணக்குப்படி அது செய்தது சரிதான். ஆனால் சிங்கப்பூரில் 1995-லிருந்து அஞ்சல் குறியீட்டுக்கு ஆறு இலக்கம். ஐந்து இலக்கத்தோடு ஒரு கடிதமும் ஒழுங்காகப் போய்ச் சேராது. இன்னொரு கட்டத்தில் வீட்டு எண்ணை 05-12 என்று தட்டுங்கள். அதைத் தேதியாகவே மாற்றி வைத்துவிடும்.

சரத்தை ஆப்ஜெக்டாக மாற்றுவது என்று நிரலாக்க வகுப்பில் சொல்கிறார்களே, அந்த வேலையின் தலைவலி முழுவதும் இந்தக் காணாமல் போன சைபரில் இருக்கிறது. கைக்கு வருவது எழுத்துகளின் வரிசை. தான் எண்ணா, தேதியா, முகவரியா, ஒரு மனிதரின் பெயரா என்று அது சொல்லாது. யாராவது தீர்மானிக்க வேண்டும். நீங்கள் தீர்மானிக்கவில்லை என்றால் மென்பொருள் உங்களைக் கேட்காமலே தீர்மானித்துவிடும்.

முதலில் இரண்டு சொற்களைப் பிடித்துக்கொள்வோம். சரம், அதாவது ஸ்டிரிங், எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் வரிசை. அவ்வளவுதான். கணினிக்குள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் உண்டு. 0 என்ற எழுத்துக்கு 48, 3-க்கு 51, 5-க்கு 53. ஆக 050335 என்ற சரம் உள்ளே 48, 53, 48, 51, 51, 53 என்று கிடக்கிறது. அதில் சைனாடவுனும் இல்லை, புளோக்கும் இல்லை.

ஆப்ஜெக்ட் என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகத்தில், பெயரிட்ட பகுதிகளோடு இருக்கும் ஒன்று. தேக்கா சந்தையின் குறியீடான 210665-ஐ ஒரு முகவரி ஆப்ஜெக்டாக ஆக்கினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

முகவரி
    பிரிவு: "21"
    புளோக்: "665"

முதல் இரண்டு இலக்கம் வட்டாரப் பிரிவு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக்குகளுக்குப் பெரும்பாலும் கடைசி மூன்று இலக்கம் புளோக் எண்ணாக இருக்கும். தேக்கா சந்தை பஃபலோ ரோடு புளோக் 665 என்பது அந்தக் குறியீட்டிலேயே தெரிகிறது. இப்போது இந்த ஆப்ஜெக்டிடம் 'உன் புளோக் எது' என்று நேராகக் கேட்கலாம். 'நீ எந்த வட்டாரம்' என்று கேட்டால் 21-ஐ வைத்து லிட்டில் இந்தியா என்று பதில் சொல்லும்படி அதற்குள் ஒரு செயலையும் எழுதி வைக்கலாம். சரமாக இருந்தவரை இப்படி எதுவும் கேட்க முடியாது. நாலாவது எழுத்து எது, மொத்தம் எத்தனை எழுத்து என்பதைத்தான் அதனிடம் கேட்கலாம்.

ஆரம்பத்திலிருந்தே எல்லாவற்றையும் ஆப்ஜெக்டாக வைத்துக்கொண்டால் இந்த மாற்றும் வேலையே வேண்டாமே என்று தோன்றலாம். ஆப்ஜெக்ட் ஒரு நிரலின் நினைவகத்துக்குள்தான் வாழ்கிறது. அதன் பகுதிகள் ஒன்றையொன்று நினைவக முகவரிகளால் சுட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த முகவரிகளுக்கு உங்கள் கைப்பேசியிலோ வேறொரு கணினியிலோ எந்த அர்த்தமும் இல்லை. நிரலை நிறுத்தினால் ஆப்ஜெக்டும் போய்விடும். கோப்பில் சேமிக்கவோ, கம்பி வழியே அனுப்பவோ வேண்டுமானால் அதைப் பிரித்து, ஒரே வரிசையாக நீட்டி எழுதியாக வேண்டும். மறுமுனையில் அந்த வரிசையைப் படித்துத் திரும்பக் கட்ட வேண்டும். நாம் பேசுவது இந்தத் திரும்பக் கட்டும் பாதியைப் பற்றி.

வெட்டினால் போதுமா?

எல்லோரும் முதலில் செய்வது வெட்டுவதுதான். பைத்தான் என்ற நிரல் மொழியில் ஸ்பிளிட் என்ற ஒரே கட்டளை. 'குமார்,23,ஈசூன்' என்று ஒரு வரி வந்தால், காற்புள்ளி இருக்கும் இடங்களில் வெட்டு. முதல் துண்டு பெயர், இரண்டாவது வயது, மூன்றாவது ஊர். ஐந்து நிமிட வேலை. அடுத்த வரியில் ஊருக்குப் பதிலாக 'புளோக் 665, பஃபலோ ரோடு' என்று ஒருவர் முழு முகவரியை எழுதியிருப்பார். இப்போது நாலு துண்டு. முகவரிக்குள் இருக்கும் காற்புள்ளியும் முகவரியைப் பிரித்துக் காட்டும் காற்புள்ளியும் பார்வைக்கு ஒன்றுதான். அதனால்தான் இப்படிப்பட்ட கோப்புகளில் முகவரியை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும் என்று விதி வந்தது. பிறகு, முகவரிக்குள்ளேயே மேற்கோள் குறி வந்தால் அதை இரண்டாக எழுத வேண்டும் என்று இன்னொரு விதி. வெட்டுவது என்று தொடங்கியது, மெல்ல ஓர் இலக்கணத்தைப் படிப்பதாக மாறிவிட்டது.

பெயர்களிடம் இந்த வெட்டும் வேலை இன்னும் மோசமாகத் தோற்கும். இங்கே தமிழர்களுக்கு அதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 'குமார் எஸ்/ஓ ராஜு' என்று அடையாள அட்டையில் இருக்கும் பெயரை, இடைவெளியில் வெட்டி 'முதல் பெயர், குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டங்களில் அடைக்கும் நிரலை எழுதியவர், எல்லா ஊரிலும் பெயர் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று முடிவுசெய்துவிட்டார். விளைவு, 'அன்புள்ள திரு ராஜு' என்று மகனுக்குப் போக வேண்டிய மின்னஞ்சல் அப்பா பெயரில் வரும். நடுவில் இருக்கும் சாய்கோட்டை 'செல்லாத எழுத்து' என்று சொல்லிப் படிவம் ஏற்க மறுப்பதும் உண்டு. என்னைக் கேட்டால், பெயரை வெட்டவே கூடாது. முழுப் பெயர் ஒரு கட்டம், 'உங்களை எப்படி அழைக்கலாம்' என்பது இன்னொரு கட்டம். சரத்தைப் பிரிக்காமல் சரமாகவே விட்டுவைப்பதும் ஒரு முடிவுதான், பல சமயம் அதுதான் சரியான முடிவு.

ஜேசன் என்ற ஒப்பந்தம்

அனுப்புபவரும் பெறுபவரும் முன்கூட்டியே ஓர் இலக்கணத்துக்கு ஒப்புக்கொண்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும். இன்று இணையத்தில் மிக அதிகமாகப் புழங்கும் ஒப்பந்தம் ஜேசன் (JSON) என்ற எழுத்து வடிவம். வலைப்பக்கங்களின் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் ஆப்ஜெக்டை எழுதும் முறையிலிருந்து, 2000-களின் தொடக்கத்தில் டக்ளஸ் கிராக்ஃபோர்ட் என்ற அமெரிக்க நிரலாளர் அதை வடிவமைத்துப் பரப்பினார். இப்போது ஏறக்குறைய எல்லா நிரல் மொழிகளிலும் அதைப் படிக்க வழி உண்டு. இதற்கு ஒரு நல்ல குணம், இலக்கணம் மிகச் சிறியது. மதிப்பு என்று வரக்கூடியவை சரம், எண், மெய் அல்லது பொய், வெறுமை, பட்டியல், அகராதி (பெயரும் மதிப்புமாக ஜோடி ஜோடியாக வைத்திருப்பது). வேறெதுவும் இல்லை. தேதி கூட இல்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் சேவை, பேருந்து எப்போது வரும் என்ற தகவலை இந்த வடிவில்தான் தருகிறது. கைப்பேசியில் நீங்கள் பார்க்கும் பேருந்துச் செயலிகள் பலவற்றுக்கும் மூலம் அதுதான். அதன் அமைப்பைச் சுருக்கி, பெயர்களைத் தமிழாக்கி, கற்பனைத் தகவல் போட்டு ஒரு துண்டு எழுதுகிறேன். ஜேசனுக்குத் தமிழ்ப் பெயர்கள் ஒரு தடையே அல்ல.

{
  "நிறுத்தம்": "01012",
  "சேவைகள்": [
    {
      "சேவை": "12ஈ",
      "வருகை": "2025-03-04 18:42:10+08:00",
      "இடம்": "நிற்கலாம்"
    },
    {
      "சேவை": "67",
      "வருகை": "",
      "இடம்": ""
    }
  ]
}

நிஜத்தில் தேதிக்கும் நேரத்துக்கும் நடுவில் ஓர் ஆங்கில எழுத்து நிற்கும், இங்கே இடைவெளி விட்டிருக்கிறேன். மற்றபடி இது செல்லுபடியாகும் ஜேசன். பைத்தானில் ஜேசன் தொகுப்பை அழைத்து, லோட்ஸ் என்ற செயலிடம் இதைக் கொடுத்தால் உள்ளே என்ன நடக்கிறது?

படிப்பான், அதாவது சரத்தைப் படிக்கும் நிரல் பகுதி, முதல் எழுத்தைப் பார்க்கிறது. நெளி அடைப்பு. சரி, அகராதி ஒன்று தொடங்குகிறது என்று ஒரு வெற்று அகராதியை உருவாக்கிக் கையில் வைத்துக்கொள்கிறது. இதற்கு அடுத்து இரண்டே எழுத்துகள்தான் வரலாம்: மேற்கோள் குறி அல்லது மூடும் அடைப்பு. இடைவெளியையும் வரி மாற்றத்தையும் கண்டுகொள்ளாது. மேற்கோள் குறி வருகிறது, அடுத்த மேற்கோள் குறி வரை படித்து 'நிறுத்தம்' என்ற பெயரை எடுக்கிறது. அடுத்து முக்காற்புள்ளி வந்தே ஆக வேண்டும். வருகிறது. அதற்கு அடுத்தது ஒரு மதிப்பு. என்ன மதிப்பு என்று தெரிந்துகொள்ள அதற்கு ஒரே ஓர் எழுத்து போதும். மேற்கோள் குறி என்றால் சரம். சதுர அடைப்பு என்றால் பட்டியல். நெளி அடைப்பு என்றால் இன்னோர் அகராதி. இலக்கமோ கழித்தல் குறியோ வந்தால் எண். முதல் எழுத்தைப் பார்த்தவுடனே வகை தெரிந்துவிடும்படி இந்த இலக்கணத்தை அமைத்திருக்கிறார்கள். ஜேசனைப் படிக்கும் நிரலை ஒரு மாணவரால் வார இறுதியில் எழுதிவிட முடிவதற்கு இதுவே காரணம்.

'சேவைகள்' என்ற பெயருக்கு வரும்போது சதுர அடைப்பு தென்படுகிறது. கையில் இருக்கும் அகராதி இன்னும் முடியவில்லை. அதை அப்படியே கீழே வைத்துவிட்டுப் புதிய பட்டியலைத் தொடங்குகிறது. உடனே இன்னொரு நெளி அடைப்பு. பட்டியலையும் அதன்மேல் வைத்துவிட்டு மூன்றாவதாக ஒன்றைத் தொடங்குகிறது. மூடும் அடைப்பு வரும்போதெல்லாம், கையில் இருப்பது முடிந்தது என்று அதற்குக் கீழே காத்திருப்பதோடு சேர்த்துவிடும். கடைசி அடைப்பு மூடும்போது ஒன்றே ஒன்று மிஞ்சும். அதைத்தான் உங்களிடம் கொடுக்கிறது. பட்டியலுக்குள் அகராதி, அதற்குள் பட்டியல் என்று எத்தனை அடுக்கு இருந்தாலும் செய்வது இதே வேலைதான்.

எதிர்பார்த்த எழுத்து வராவிட்டால்? நின்றுவிடும். எத்தனையாவது வரியில், எத்தனையாவது எழுத்தில் என்று சொல்லிவிட்டு நிற்கும். ஒற்றை மேற்கோள் குறி போட்டால் ஏற்காது. பட்டியலின் கடைசி உறுப்புக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி தவறுதலாக மிஞ்சியிருந்தால் ஏற்காது. குறிப்புரை எழுதினால் ஏற்காது. புதிதாகப் படிப்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு இந்தக் கறார்தனம் பிடிக்கும். எக்செல் மாதிரி 'நீங்கள் இதைத்தானே சொல்ல வந்தீர்கள்' என்று தானாகத் திருத்திக்கொள்ளும் கருவிகளைவிட, புரியவில்லை என்று நின்றுவிடும் கருவியை நம்பலாம்.

அகராதி கிடைத்தது, பேருந்து கிடைக்கவில்லை

பல விளக்கங்கள் இங்கே முடிந்துவிடும். லோட்ஸ் என்று எழுதினீர்கள், சரம் ஆப்ஜெக்ட் ஆகிவிட்டது, வாழ்த்துகள் என்று. உண்மையில் பாதி வழிதான் வந்திருக்கிறோம். இப்போது கையில் இருப்பது அகராதிகளும் பட்டியல்களும், அவற்றுக்குள் இன்னும் சரங்களும். வடிவம் வந்துவிட்டது, அர்த்தம் வரவில்லை. 'வருகை'யில் இருப்பது இப்போதும் எழுத்துகளின் வரிசைதான். ஜேசனுக்குத் தேதி தெரியாது என்று முன்பே பார்த்தோம். இன்னும் எத்தனை நிமிடம் என்று கணக்கிட, அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழிக்க வேண்டும். சரத்தைக் கழிக்க முடியாது.

ஆகவே இரண்டாவது படி. நமக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு வகுப்பாக, அதாவது கிளாஸாக, எழுதுகிறோம். நிஜ நிரலில் கட்டளைச் சொற்களை ஆங்கிலத்தில் தட்ட வேண்டியிருக்கும், இங்கே வசதிக்குத் தமிழில்:

வகுப்பு வருகை
    சேவை: சரம்
    நேரம்: தேதிநேரம், இல்லாவிட்டால் வெறுமை
    இடம்: உட்காரலாம் / நிற்கலாம் / நெரிசல் / தெரியாது

மூன்றே வரி. ஒவ்வொன்றும் ஒரு தீர்மானம்.

சேவையைச் சரமாகவே விட்டிருக்கிறேன். 67-ஐப் பார்த்தால் எண்ணாக்கத் தோன்றும். ஆனால் 12ஈ, 851ஈ என்று எழுத்தோடு முடியும் விரைவுச் சேவைகள் இங்கே ஓடுகின்றன. எண்ணாக்கியிருந்தால் அவை வந்த முதல் நாளே நிரல் விழுந்திருக்கும். நிறுத்தத்தின் குறியீடான 01012-உம் அப்படியே, முன்னால் சைபர் நிற்கிறது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: இதைக் கூட்டவோ கழிக்கவோ யாருக்காவது தேவை வருமா? இரண்டு பேருந்து நிறுத்தங்களின் குறியீட்டைக் கூட்டி யாரும் எதுவும் செய்யப் போவதில்லை. அப்படியானால் சரமாகவே இருக்கட்டும். கைப்பேசி எண், அடையாள அட்டை எண் எல்லாம் இதே கணக்கு.

நேரத்துக்கு 'இல்லாவிட்டால் வெறுமை' என்று சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். அடுத்த பேருந்து பற்றிய தகவல் இல்லாதபோது வருகை என்ற இடத்தில் வெற்றுச் சரம்தான் வரும். தேதியாக மாற்றும் செயலிடம் வெற்றுச் சரத்தைக் கொடுத்தால் பிழை எறியும். பகல் முழுக்க ஒழுங்காக ஓடும் செயலி நள்ளிரவில், கடைசிப் பேருந்து போன பிறகு, விழுவது இதனால்தான்.

அந்த நேரச் சரத்தின் வாலில் +08:00 என்று இருக்கிறதே, அதை யாரும் வெட்டி எறிந்துவிடாதீர்கள். அது இல்லாத நேரம், எந்த ஊர் நேரம் என்று தெரியாத நேரம். உங்கள் நிரல் ஓடும் கணினி, சிங்கப்பூரைவிட எட்டு மணி நேரம் பின்தங்கிய யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால் பேருந்து எட்டு மணி நேரம் தாமதம் என்று காட்டும். சிங்கப்பூர் எப்போதும் +08:00 என்று நிரலில் எழுதி வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். பேருந்துக்கு அது போதும். பழைய ஆவணங்களைக் கையாளும் நிரலுக்குப் போதாது: 1982 ஜனவரி 1 அன்றுதான் இங்கே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதற்கு முன் +07:30. 1981-இல் பிறந்த ஒருவரின் பிறந்த நேரத்தை இன்றைய கணக்கில் மாற்றினால் அரை மணி நேரம் பிசகும். ஜாதகம் கணிக்கும் மென்பொருள் எழுதுபவர்களுக்கு இது விளையாட்டு விஷயம் அல்ல.

இடம் என்பதை மூன்று நான்கு மதிப்புகளுக்குள் அடைத்துவிட்டேன். அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று வந்தால் வாசலிலேயே தெரிந்துவிட வேண்டும். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் கடப்பிதழை ஒருமுறை பார்த்து உள்ளே விட்டபின் ஆர்ச்சர்ட் ரோட்டில் யாரும் திரும்பக் கேட்பதில்லை. நிரலுக்குள்ளும் அப்படித்தான் இருக்க வேண்டும். சரம் உள்ளே நுழையும் ஒரே இடத்தில் எல்லாக் கேள்வியையும் கேட்டு, வருகை ஆப்ஜெக்டாக மாற்றி அனுப்புங்கள். அதற்கு அப்பால் எந்தச் செயலும் 'இது வெற்றுச் சரமா, இது எண்ணா' என்று சந்தேகப்பட வேண்டியிருக்காது. புதியவர்கள் எழுதும் நிரல்களில் இந்தச் சந்தேகம் எல்லாக் கோப்புகளிலும் சிதறிக் கிடக்கும். ஓர் இடத்தில் சரிபார்த்திருப்பார்கள், அடுத்த இடத்தில் மறந்திருப்பார்கள்.

சரிபார்ப்பதற்கு அடையாள அட்டை எண் நல்ல பாடம். முன்னால் ஓர் எழுத்து, ஏழு இலக்கம், பின்னால் ஓர் எழுத்து. எல்லோருக்கும் தெரிந்த மாதிரி எண் எஸ்1234567டி (S1234567D). அந்தக் கடைசி டி சும்மா வரவில்லை. ஏழு இலக்கங்களையும் முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்: 2 + 14 + 18 + 20 + 20 + 18 + 14, மொத்தம் 106. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 7. எஸ் வரிசைக்கு, மீதி 0 முதல் 10 வரை முறையே ஜே, இசட், ஐ, எச், ஜி, எஃப், ஈ, டி, சி, பி, ஏ. 7-க்கு டி. 2000 முதல் பிறந்தவர்களுக்கான, முன்னால் T நிற்கும் டி வரிசையில் வகுப்பதற்கு முன் 4 கூட்ட வேண்டும். யாராவது ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டினால் கடைசி எழுத்து பொருந்தாது, ஆப்ஜெக்டை உருவாக்காமல் அங்கேயே மறுத்துவிடலாம். எழுத்து பொருந்தினால் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தமில்லை, வடிவம் சரி என்றுதான் அர்த்தம். பயிற்சிக்குச் செய்து பாருங்கள், நிஜமானவர்களின் எண்ணைச் சேகரிக்க மட்டும் போகாதீர்கள். நிறுவனங்கள் தேவையில்லாமல் அதைக் கேட்டு வாங்குவதற்கு 2019 செப்டம்பரிலிருந்து கட்டுப்பாடு இருக்கிறது.

பணத்தைப் பற்றியும் ஒரு வரி. தே, அதாவது தேநீர், ஒன்று 1 வெள்ளி 40 காசு என்பதை 1.40 என்ற ஜேசன் எண்ணாக அனுப்பினால், மறுமுனையில் பெரும்பாலும் அது இரும எண்முறையில் தோராயமாக உட்காரும். பைத்தானில் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவது இதனால்தான். 140 காசு என்று முழு எண்ணாக அனுப்புங்கள், வம்பு இல்லை.

தமிழ் எழுத்தில் வரும் வேடிக்கைகள்

பைத்தானிடம் ௧௨ என்ற சரத்தை முழு எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். 12 என்று தரும்! எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவாகக் குறியெண் தரும் யூனிகோடு தரத்தில் பதின்ம இலக்கம் என்று குறிக்கப்பட்ட எல்லா மொழி இலக்கங்களையும் அதற்குப் படிக்கத் தெரியும். ஆனால் பத்தைக் குறிக்கும் ௰ கொடுத்தால் பிழை வரும். அது இலக்கமாக அல்ல, வேறு வகை எண் குறியாகப் பதிவாகியிருக்கிறது. ஜேசன் படிப்பானுக்கோ இந்தப் பெருந்தன்மை கிடையாது. அதில் எண் என்றால் 0 முதல் 9 வரைதான்.

'பொய்' என்ற சரத்தை மெய்-பொய் மதிப்பாக மாற்றச் சொன்னால் பைத்தான் 'மெய்' என்று சொல்லும். காலியாக இல்லாத எந்தச் சரமும் அதற்கு மெய். ஆங்கிலத்தில் பொய் என்று எழுதினாலும் அப்படித்தான். படிவத்திலிருந்து வரும் 'இல்லை' என்ற பதில்கள் எல்லாம் 'ஆம்' என்று பதிவாகும் கோளாறு பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்று கொஞ்சம் கொடுமையானது. 'கொள்ளளவு' என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று. அல்லது ககரத்தோடு கொம்பு ஒன்று, கால் ஒன்று, தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். நிரலுக்கு இரண்டும் வேறு வேறு சரம். அகராதியில் 'கொள்ளளவு' என்ற பெயர் கண்முன்னே இருக்கும், நிரல் அப்படி ஒரு பெயரே இல்லை என்று அடம்பிடிக்கும். இதைத் தீர்க்க இயல்பாக்கம் என்று ஒரு படி இருக்கிறது. பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுப்பின் நார்மலைஸ் செயல் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். தமிழ்த் தரவைக் கையாள்பவர்கள் அதையும் வாசலிலேயே செய்துவிடுவது நல்லது.

இதெல்லாம் சரத்துக்கும் ஆப்ஜெக்டுக்கும் இடையே உள்ள சிக்கல். அதற்கும் கீழே, கணினி சேமித்து வைக்கும் எண்களான பைட்டுகளுக்கும் சரத்துக்கும் இடையில் இதே சிக்கல் இருந்த காலம் ஒன்று உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியெண் வைத்திருந்தன. ஒருவர் அனுப்பிய தமிழ், இன்னொருவர் கணினியில் கோணல்மாணலாக விரியும். 1997-இல் இங்கே சிங்கப்பூரில் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ் இணைய மாநாட்டில் பேசப்பட்டதும் இந்தக் குறியெண் குழப்பம்தான். ஒரே பைட், எந்த எழுத்து என்று படிப்பவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இப்போது நிலைமை எவ்வளவோ மேல். 2017-இல் வந்த ஜேசன் தர ஆவணம், அமைப்புகளுக்கிடையே பரிமாறும்போது, யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறை மட்டுமே என்று கட்டாயமாக்கிவிட்டது. ஆனாலும் பைத்தான் உங்கள் தமிழை ஜேசனாக எழுதும்போது, சொல்லாவிட்டால், ஒவ்வோர் எழுத்தையும் பின்சாய்கோடும் குறியெண்ணுமாக எழுதித் தள்ளும். தமிழ் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். திரும்பப் படிக்கும்போது சரியாக வந்துவிடும். கண்ணுக்கும் தமிழாகவே தெரிய வேண்டுமென்றால் என்ஷூர்-ஆஸ்கி என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள்.

சரத்தை ஓட விடாதீர்கள்

ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அதை யாராவது உங்களுக்குக் காட்டிக் கொடுக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் எவால் என்று ஒரு செயல் உண்டு. கொடுத்த சரத்தை நிரலாகவே எடுத்து ஓட்டும். பட்டியல் போல எழுதப்பட்ட சரத்தைக் கொடுத்தால் பட்டியல் கிடைக்கும், அகராதி போல எழுதியதைக் கொடுத்தால் அகராதி. படிப்பானே தேவையில்லை. ஜேசனின் ஆரம்ப நாட்களில் பலர் அப்படித்தான் படித்தார்கள். ஜாவாஸ்கிரிப்டின் 2009-ஆம் ஆண்டுத் தரத்தில் அதற்கென்றே தனிச் செயல் வந்த பிறகுதான் பழக்கம் மாறியது.

எவால் ஓட்டும் சரத்தில் பட்டியலுக்குப் பதிலாக 'எல்லாக் கோப்பையும் அழி' என்று இருந்தால் அதையும் ஓட்டும். பைத்தானின் பிக்கிள் தொகுப்பும் இதே இனம். எந்த ஆப்ஜெக்டையும் கோப்பாக்கித் திரும்ப எடுக்கும், வசதியானது. ஆனால் திரும்ப எடுக்கும்போது, கோப்பை எழுதியவர் சொல்லும் செயலை ஓட்டவும் அதற்கு முடியும். நம்பாத இடத்திலிருந்து வந்த கோப்பைத் திறக்காதீர்கள் என்று அதன் ஆவணத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2021 டிசம்பரில் வெளிவந்த லாக்ஃபோர்ஜே (Log4j) பாதுகாப்பு ஓட்டை ஒரு சாட்சி. ஜாவா நிரல்கள் தங்கள் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கப் பயன்படுத்தும் தொகுப்பு அது. குறித்துவைக்க வரும் சரத்துக்குள் ஒரு குறிப்பிட்ட அமைப்பைக் கண்டால் அதை வெறும் எழுத்தாக விடாது. அது சுட்டும் இடத்துக்குப் போய்த் தேடும். அந்த இடம் தாக்குபவரின் கணினியாக இருந்தால் அங்கிருந்து ஆப்ஜெக்டையும் நிரலையும் இறக்கி ஓட்டிவிடும். பயனர் பெயர் கேட்கும் கட்டத்தில் ஒரு வரி தட்டினால் போதும் என்ற நிலை. உலகம் முழுக்க நிர்வாகிகள் அந்த வார இறுதியில் தூங்கவில்லை. சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பும் உடனே தொகுப்பைப் புதுப்பிக்கச் சொல்லி எச்சரித்தது.

பைத்தானில் எழுதப்பட்ட பட்டியலையோ அகராதியையோ படிக்கத்தான் வேண்டுமென்றால் லிட்டரல்-எவால் என்ற செயல் இருக்கிறது. எண், சரம், பட்டியல், அகராதி போன்ற வெறும் மதிப்புகளை மட்டும் ஏற்கும். செயல் எதையும் அழைக்காது. பரிமாற்றத்துக்கு ஜேசனே போதும்.

கையை நனைக்க ஒரு பயிற்சி. வீட்டு எண் ஒன்றைச் சரமாக வாங்கி, மாடி, கதவு என்று இரண்டு பகுதி கொண்ட ஆப்ஜெக்டாக மாற்றும் செயலை எழுதுங்கள். #05-12 சுலபம். அது முடிந்ததும் முன்னால் கட்டக் குறி இல்லாமல் 05-12 என்றும், நடுவில் இடைவெளியோடு # 05 - 12 என்றும் கொடுங்கள். பிறகு வீவக வீடுகளில் சகஜமான #11-1024. பிறகு கடைத்தொகுதியின் அடித்தளக் கடையான #பி1-07. மாடி என்பதை முழு எண்ணாக வைத்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள், அதை -1 ஆக்குவதா, சரமாக்குவதா, தனி வகையாக்குவதா என்று முடிவெடுங்கள். கடைசியாக, இரண்டு கடைகளை ஒன்றாக்கிய #05-12/13 கொடுத்துப் பாருங்கள். செயல் ஓர் ஆப்ஜெக்டைத் திருப்பித் தர வேண்டுமா, இரண்டையா, இல்லை பிழையையா?